நல்ல கிட்னிக்காரி

தனக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்று சர்டிபிகேட் கேட்டு என் முன்னால் வந்து நின்றாள் பிரம்மசக்தி. அந்த உப்பளக் கரையில் வேலைக்குப் போய்ப் பழகிய பெண்களில் கிட்னி கெடாமல் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"பொய்தான் டாக்டரம்மா. ஆனா சின்னப் பொய். பேர மாத்தாண்டாம், வயச மாத்தாண்டாம். நம்பர் ஒண்ண மட்டும் மாத்திப் போடுங்க."

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு நோய் இந்த ஊரில் ஏன் வருகிறது, பக்கத்து ஊரில் ஏன் வருவதில்லை என்று தேடிக்கொண்டு அலைகிற டாக்டர். இதை வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. வெள்ளைக் கோட்டு போட்டவள் காய்ச்சலுக்கு மாத்திரை தரவில்லையென்றால் அவளுக்குத் திமிர் என்றுதான் பனையடித்துறையில் அர்த்தம்.

பனையடித்துறையில் பனையும் கிடையாது, துறையும் கிடையாது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள். சர்க்கரை இல்லாத, ரத்த அழுத்தம் இல்லாத, முப்பது வயதுகூட நிரம்பாத ஆட்களுக்கு அங்கே சிறுநீரகம் சுருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் அந்த நோய்க்குக் கிட்னி என்றே பெயர். "அவளுக்குக் கிட்னி வந்துட்டு" என்பார்கள், அதுவரை உடம்பில் இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்ந்த மாதிரி. கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் ஒரு மைல் தள்ளிப் போனால் அந்தப் பேச்சே கிடையாது.

காரணம் குடிதண்ணீரில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். தண்ணீருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம், ரிப்பன் வெட்டலாம். ஆனால் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த வாத்தியாருக்கும் கடைக்காரருக்கும் ஒன்றும் வரவில்லை. மண்ணைப் பார்த்தேன், மீனைப் பார்த்தேன், பாத்திரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். கடைசியில் எனக்குச் சந்தேகம் வந்தது ரிப்பன் வெட்ட முடியாத ஒன்றின் மேல்.

உப்பளம் தட்டையான வெள்ளை வெளி. ஒரு புதர் கிடையாது. ஒரு பெண் எங்கே குனிந்து உட்கார்ந்தாலும் அடுத்த அளத்துக்காரன் வரைக்கும் தெரியும். அதனால் அவர்கள் விடியுமுன் உடைமரக் காட்டுக்குப் போய்விட்டு வருவார்கள். மறுபடி போவது பொழுது சாய்ந்த பிறகுதான். நடுவில் போக வேண்டிய அவசியம் வராமலிருக்க ஒரே வழி, குடிக்காமல் இருப்பது. வயதுக்கு வந்த பெண்ணை முதன்முதலாக அளத்துக்குக் கூட்டிப் போகும்போது தாய் சொல்லிக் கொடுக்கிற பாடம் இதுதான்: வாயை நனை, கொப்பளி, துப்பு, முழுங்காதே. அந்த வெயிலில், அந்தச் சுமையோடு, நாள் முழுவதும் ஒரு மடக்கு இறங்காது. உடம்பு வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரை. ஆண்களுக்கு மறைவு பிரச்சினை இல்லை. ஆனால் கங்காணி பார்த்துக்கொண்டே இருப்பான் என்பதால் அவர்களும் தண்ணீர்ப் பானைப் பக்கம் ஒதுங்குவதில்லை.

சந்தேகம் என்பது வேறு, நிரூபணம் என்பது வேறு. ஓர் அளத்தின் நடுவில் தார்ப்பாய்க் கூடாரம் ஒன்று போட்டேன். உள்ளே நிழல், தண்ணீர், ஒரு கக்கூஸ். அங்கே வேலை பார்த்த பெண்களிடம், "மணிக்கொரு தடவை வந்து குடிங்க, போங்க" என்றேன். மற்ற அளங்கள் இருந்தபடியே இருந்தன. ஐந்து வருஷம் இரண்டு பக்கத்துப் பெண்களின் ரத்தத்தையும் மாதாமாதம் பார்த்துவந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கூடாரத்துக்கு முதலில் வந்தவள் பிரம்மசக்தி. "இதுக்குப் போயி ஆராச்சியா? எங்க அம்மைட்ட கேட்டிருந்தாலே சொல்லிருப்பாளே" என்று சிரித்தாள். ஆனால் ஒழுங்காகக் குடித்தாள்.

கூடவே ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். படம் போட்டுக் காட்டினேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும், உச்சிவெயிலில் சுமந்தால் என்ன ஆகும், அதன் மேல் வலி மாத்திரையும் போட்டால் எவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று விளக்கினேன். நன்றாகவே பேசுவேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மூன்றாவது வருஷம் பெல்ட் வந்தது.

அதை முதலில் எனக்கு விளக்கியவர் எங்கள் ஆராய்ச்சி நிலையத் தலைவர் அருமைநாயகம். நல்ல மனுஷர். எதையும் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்.

"இடுப்புல கட்டிக்கணும், அவ்வளவுதாம்மா. காறை எலும்புக்குக் கீழே ஒரு குழாய். ரத்தம் பெல்ட்டுக்குள்ள வந்து சுத்தமாகித் திரும்பப் போயிடும். கழிவு ஒரு பையில சேரும், வீட்டுக்குப் போய்க் கொட்டிக்கலாம். காலைல தண்ணி ஊத்தி நிரப்பிட்டா, உடம்புக்கு எப்ப எவ்வளவு வேணுமோ அதுவே ரத்தத்துல கலந்துரும். தாகம்னே ஒண்ணு தெரியாது."

"இதைக் கட்டினவங்க எத்தனை வருஷம் இருப்பாங்க சார்?"

"பத்து வருஷம்னு கம்பெனி சொல்லுது." சிரித்தார். "கம்பெனிக்கே வயசு ஆறுதான்."

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. சிறுநீரகம் வடிகட்டுகிற அளவு நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே போனவர்களுக்கு மட்டும். நான் குறை சொல்ல மாட்டேன். படுக்கையில் வீங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பிரம்மசக்தியின் புருஷன் லிங்கதுரைக்குப் பெல்ட் கட்டிய நாளில் அவள் எனக்கு அல்வா கொண்டுவந்து தந்தாள்.

ஒரு மாசத்துக்குள் சூசைக் கங்காணி ஒன்றைக் கவனித்துவிட்டான். பெல்ட் கட்டியவர்கள் நிற்பதே இல்லை. தண்ணீருக்குப் போவதில்லை, ஒதுங்கப் போவதில்லை, நாக்கு வறண்டு உட்காருவதில்லை. பெல்ட் இல்லாதவர்களை ஒதுக்குகிறான் என்று நான் சண்டைக்குப் போனபோது அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"நான் யாரையும் வேண்டாங்கல டாக்டரம்மா. பெல்ட்டு போட்டவ பாத்தியில எறங்கினா பொழுதுக்கும் வேல பாக்கா. இல்லாதவ ஒங்க கூடாரத்துக்கும் பாத்திக்கும் நடந்துக்கிட்டே இருக்கா. மொதலாளி என்னையத்தான கேப்பாக?"

அடுத்த உப்புக் காலத்தில் அவன் பெல்ட் இல்லாத யாரையும் எடுக்கவில்லை. மற்றக் கங்காணிகளும் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கூடாரத்தைப் பிரித்து ஓரமாகப் போட்டார்கள். என் கூடாரத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். பிரம்மசக்தியால் போக முடியவில்லை. பெல்ட்டோடு ஒரு உப்புக் காலம் முழுக்க மாடு மாதிரி உழைத்த லிங்கதுரைக்குக் குழாய் வாயில் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, அதற்குப் பிறகு சுமை தூக்க முடியாமல் போயிற்று. வாரத்துக்கொருமுறை டவுனில் பெல்ட் கட்டுகிற மையத்தில் அவனுக்கு வடிகட்டி மாற்ற வேண்டும். கூட ஆள் வேண்டும். ஊரில் அவளை நல்ல கிட்னிக்காரி என்று கேலி பேச ஆரம்பித்தார்கள். வேலை கிடைக்காதவள் என்பதுதான் அதற்குப் பொருள்.

அப்போதுதான் சர்டிபிகேட் கேட்டு வந்தாள். அந்த நாட்களில் என் கையெழுத்து ஒன்றிருந்தால் மையத்தில் மறுபேச்சில்லாமல் பெல்ட் கட்டி அனுப்புவார்கள்.

"உன் புருஷனைப் பாத்துமா இதைக் கேக்குற?" என்றேன்.

"அவுக ஒரு வருசம் சம்பாதிச்சாகல்லா."

"உனக்கு என்ன பைத்தியமா பிரம்மசக்தி? கடவுள் குடுத்தது ரெண்டும் நல்லா இருக்கு. இதுக்காகத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டோம்?"

"நீங்க பாடுபட்டீங்க. ஒங்களுக்கு எங் கிட்னி வேணும், எனக்கு வேல வேணும்." கோபமில்லாமல்தான் சொன்னாள். அதனால் எனக்குச் சுருக்கென்றது.

அவளுக்கு எங்கள் நிலையத்திலேயே ஒரு வேலை போட்டுக் கொடுக்கலாமா என்று அருமைநாயகத்திடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ உப்பளத்துல இருக்கறவரைக்கும்தாம்மா நமக்கு அவ தேவை. இங்க நிழல்ல உக்கார வச்சா அவ ரத்தத்துல என்ன இருக்கு பாக்கறதுக்கு? ஆராய்ச்சிக்கு உட்பட்டவங்களுக்குச் சம்பளம் குடுக்கவும் விதி இல்லை."

விதி அப்படி. நானும் விதியைக் காட்டித்தான் அவளுக்கு மறுத்தேன். சர்டிபிகேட் எழுதவில்லை. எனக்குப் பொய் எழுதக் கை வரவில்லை என்பது உண்மை. அந்தக் கரையில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆரோக்கியமான ரத்தத்தை விட மனமில்லை என்பதும் உண்மை. இரண்டில் எது பெரிய உண்மை என்று இன்றைக்கும் நான் கேட்டுக்கொள்வதில்லை.

என்னைப் போல எல்லாரும் இருக்கவில்லை. டவுனில் பொய்ச் சர்டிபிகேட்கள் பெருகின. மையத்துக்காரர்கள் விழித்துக்கொண்டு, இனி தாங்களே ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் பெல்ட் கட்டுவோம் என்று அறிவித்தார்கள். பிரம்மசக்தி அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. யாரோ ஒரு சின்ன அளத்துக்காரன் பெல்ட் இல்லாதவர்களையும் பாதிக் கூலிக்குச் சுமக்க எடுக்கிறான், அங்கே போகிறாள் என்று கேள்விப்பட்டேன். எப்படியோ பிழைத்துக்கொண்டாள் என்று நிம்மதியடைந்தேன்.

மாதாமாதம் ரத்தம் கொடுக்க மட்டும் தவறாமல் வந்தாள். மாசியில் ரத்தத்தில் தங்குகிற கழிவின் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. பங்குனியில் இன்னும் ஏறியது. "வெயிலு" என்றாள். "தண்ணி குடி" என்றேன். "குடிக்கேன்" என்றாள். சித்திரையில் முடிவைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நேரே அவள் வீட்டுக்கு நடந்தேன்.

வெயில் தாழவில்லை. லிங்கதுரை உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பிரம்மசக்தி அப்போதுதான் அளத்திலிருந்து வந்திருந்தாள், கணுக்காலில் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு அவள் கையில் கொடுத்தேன்.

"என் கண்ணு முன்னால குடி."

வாங்கினாள். வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக நிதானமாகக் கொப்பளித்து முற்றத்தில் துப்பினாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்பருந்து?"

"தையிலருந்து. முந்தின நாள் பொழுதடைஞ்சா அதுக்குப் பொறவு தண்ணி கெடயாது. அளத்துல வாய நனைக்கறதோட சரி. மத்தவ நெழலுக்கு ஒதுங்கையிலதான் நான் சொமப்பேன், உச்சியில. வலிக்குக் காலைல ஒரு மாத்திர, மத்தியானம் ஒரு மாத்திர." பரீட்சையில் பாஸான பிள்ளை சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னாள். "நீங்க கூட்டத்துல சொன்னதுல ஒண்ணையும் விடல. நீங்க சொன்னது அம்புட்டும் சரிதான் டாக்டரம்மா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை. செய்யாதே செய்யாதே என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். செய்முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுகைக்கு முன்னால் இன்னொன்று வந்தது. அதே வீடு, அதே கிணறு, அதே மீன், அதே உப்பு. மாறியது கூட்டத்தில் நான் சொன்ன காரணம் ஒன்றுதான். மாதாமாதம் அவள் கொடுத்த ரத்தம் அதை எண்ணெண்ணாகச் சொல்லிவிட்டது. நான் இத்தனை வருஷம் தேடிய நிரூபணம் என் கையில் இருந்தது.

"இப்ப நிறுத்தினாக்கூடப் பாதி மிஞ்சும் பிரம்மசக்தி. பாதியை வச்சுக்கிட்டு ஒருத்தி நூறு வயசு வரைக்கும் இருக்கலாம். கால்ல விழுறேன், குடி."

"பாதிய வச்சு என்ன செய்ய? பெல்ட்டும் கெடைக்காது, பெரிய அளத்துல வேலயும் கெடைக்காது. இறங்கினவ பாதில நிக்கக் கூடாது." செம்பை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அன்னைக்கே எழுதித் தந்திருந்தா மேல பெல்ட்டு இருந்திருக்கும், உள்ள ரெண்டும் நல்லாவே இருந்திருக்கும். பொறவு என்னைக்காவது கழத்திப் போட்டிருக்கலாம். ஒங்களச் சொல்லி என்ன, ஒங்களுக்கு விதி இருக்கும்."

உள்ளேயிருந்து லிங்கதுரை, "அவ சொன்னாக் கேக்க மாட்டா டாக்டரம்மா, விடுங்க" என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்ததா, காத்திருப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடியில் அவள் முப்பதுக்குக் கீழே வந்தாள். மையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடனே பெல்ட் கட்டி அனுப்பினார்கள். மறு வாரம் சூசைக் கங்காணி ஆள் விட்டுக் கூப்பிட்டான்.

நான் எழுதியதை அருமைநாயகம் இரண்டு தடவை படித்தார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு சான்று எங்கயும் கிடையாதும்மா. எந்தக் குழுவும் இதுக்கு அனுமதி குடுக்காது. ஆரோக்கியமான ஒரு ஆளை நோயாளியாக்கிக் காட்டணும்னா யார் ஒத்துக்குவாங்க? அவளா செஞ்சிருக்கா. கடைசில அவளுக்கு நன்றின்னு ஒரு வரி போட்டுருங்க."

"அரசாங்கத்துக்கு அனுப்பலாம்ல சார்? எல்லா அளத்துலயும் கூடாரம் போடச் சொல்லலாம். வேலை நேரத்தை மாத்தச் சொல்லலாம். காரணம் தெரிஞ்சுபோச்சே."

அவர் கையை விட்டார். "உங்க கூடாரத்துக் கணக்கை முன்னாடியே அனுப்பிப் பாத்துட்டேம்மா, உங்ககிட்டச் சொல்லலை. நல்ல ஆராய்ச்சின்னு பாராட்டி எழுதியிருக்காங்க. நோயைத் தடுக்கற பணத்தையும் பெல்ட்டுக்கே ஒதுக்கியாச்சாம். அந்தக் கரைல தடுக்கறதுக்கு இன்னும் யாரு மிச்சம்னு கேக்கறாங்க."

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் மிச்சம். அடுத்த தையில் அளத்துக்கு வரப்போகிறவர்கள். அவர்கள் ஒவ்வொருத்திக்கும் உள்ளே இரண்டு நல்ல கிட்னி இருந்தது.

அவர்களே என்னிடம் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் நிலையத்து வாசலில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள், தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு. முன்னால் பிரம்மசக்தி. பெல்ட் சேலைக்கு மேலே தெரிந்தது. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது, மற்றபடி தெளிவாக இருந்தாள். தாகமே இல்லை என்றாள். வேலை தினமும் இருக்கிறது என்றாள்.

"இதுகளுக்கு அந்தக் கூட்டத்துல பேசினத ஒருக்கா சொல்லுங்க டாக்டரம்மா. எதனால வருதுன்னு. வெவரமா."

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தேன். நான் எத்தனையோ பெரிய சபைகளில் பேசியிருக்கிறேன். இவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி, "எத்தன மாசம் ஆகும் மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள். பக்கத்திலிருந்தவள் அவளை இடித்தாள்.

படங்கள் சுருட்டி மேசை மேல்தான் இருந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. வாழ்க்கையில் பாதியைக் கொடுத்து நான் தெரிந்துகொண்டது ஒரே ஒரு விஷயம். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற என்னிடம் மிஞ்சியிருந்தது, அதைத் தெரியாது என்று சொல்வது ஒன்றுதான்.

"அது அப்ப ஏதோ நினைச்சுச் சொன்னதும்மா. தப்பு. தண்ணி குடிக்காம இருக்கறதுனால இது வராது. வெயில்னாலயும் வராது. எதனால வருதுன்னு எங்களுக்கு இன்னும் தெரியலை. அதனால வீணா உடம்பைக் கெடுத்துக்காதீங்க."

பொய் எழுதக் கை வராத எனக்கு அதைச் சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்தாற்போலப் பிரம்மசக்தியைப் பார்த்தார்கள்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதற்காகச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. எழுந்து பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டாள்.

"பரவால்ல டாக்டரம்மா, ஒங்களால முடியல. நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.